பட்டறையில் அடித்த கத்தி: காட்டு வேலைக்கும் சமையலறைக்கும் ஒன்றே போதுமா? வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

கையால் அடித்த கத்திகளுக்கு இப்போது தனி மவுசு. மலையேற்றம், கேம்பிங் என்று கிளம்புகிற இளைஞர்கள் 'புஷ்கிராஃப்ட் கத்தி' என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஆன்லைனில் வாங்குகிறார்கள். விறகு பிளக்க, குச்சி சீவ, மீன் ஆய, காய் நறுக்க என வெளியில் தங்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி என்பதுதான் அதன் கணக்கு. யோசித்துப் பார்த்தால், நம்ம ஊர் கொல்லுப்பட்டறையில் அடித்துத் தரும் வெட்டுக்கத்தியும் காலங்காலமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். பட்டறைக் கத்தியில் எந்த எஃகு, எவ்வளவு கெட்டி என்ற விவரம் எதுவும் எழுதியிருக்காது. பளபளன்னு இருக்கிற கத்தி முதல் தேங்காயிலேயே பல் விழலாம். உடைந்த துண்டு தெறித்தால் கண்ணுக்கே ஆபத்து. அப்படியானால் வாங்கிய கத்தியை எப்படி நம்புவது?

ஒரே கத்தி ஏன் சிரமம்?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் சிப்காட்டை ஒட்டி இருக்கும் குடிகாடு பகுதியை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் உப்பனாறும் கடலும், இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்தில் பண்ருட்டி பலா. இங்கே ஒரு வீட்டில் கத்திக்கு வரும் வேலை என்னென்ன? மீன் ஆயணும், பலா பிளக்கணும், இளநீர் சீவணும், சவுக்கு விறகு வெட்டணும், வெங்காயமும் நறுக்கணும்.

வெங்காயத்துக்கு மெல்லிய கத்தி வேண்டும். முதுகுப் பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர், வாயின் சரிவு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி இருந்தால் நன்றாக நறுக்கும். விறகுக்கு அதே கத்தியைப் போட்டால் வாய் மடங்கிவிடும். அதற்கு முதுகு 4 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், சரிவு 25 டிகிரியை ஒட்டியும் இருப்பது நல்லது. அதாவது ஒன்றுக்குக் கூர்மை முக்கியம், மற்றதற்குத் தாங்கும் சக்தி முக்கியம். இரண்டும் ஒரே கத்தியில் முழுசாகக் கிடைக்காது. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும்.

எல்லாம் சூட்டில்தான் இருக்கு

பல பட்டறைகளில் பழைய லாரி, பஸ்களின் பட்டை ஸ்பிரிங்கைத்தான் கத்தியாக அடிக்கிறார்கள். அரிவாளுக்குப் பேர்போன சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தியிலும் இந்தப் பட்டைக்கு மதிப்பு உண்டு. காரணம், அதில் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை கார்பன் இருக்கிறது. கட்டடக் கம்பி, ஜன்னல் கம்பி மாதிரி சாதாரண இரும்பில் கார்பன் குறைவு. அதை எவ்வளவு காய்ச்சி அடித்தாலும் வாய் நிற்காது.

பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கினால் கெட்டியாகும். கூடவே கண்ணாடி மாதிரி உடையும் தன்மையும் வந்துவிடும். அதனால் மறுபடி மிதமான சூடு காட்டி இளக்குவார்கள். இந்தப் பதம் பிடிபடுவதுதான் கொல்லரின் கைத்திறன். கெட்டித்தன்மையை 'ராக்வெல்' என்ற அளவில் சொல்வார்கள். சமையல் கத்திகள் பெரும்பாலும் 56 முதல் 60 வரை இருக்கும். வெட்டுக்கத்திக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் அடி தாங்கும். அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. ஆனால் கீழே உள்ள சோதனைகளிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வாங்க, சோதிச்சுப் பார்ப்போம்

முதலில் விரிசல். அலகு முழுவதும் மண்ணெண்ணெய் தடவி, சில நிமிடம் விட்டு, சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். மேலே சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறி வந்து கோடாகத் தெரியும். கோடு தெரிந்த கத்தியை வெட்டிப் பார்க்க வேண்டாம், நேராகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சோதனை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீங்க.

இரண்டாவது அரம். வாய்க்குப் பக்கத்தில் அரத்தை லேசாக இழுங்கள். கண்ணாடி மேல் போவது போல முழுசாக வழுக்கினால் கத்தி ரொம்பக் கெட்டி, உடைய வாய்ப்பு உண்டு. வெண்ணெய் மாதிரி இழைத்தால் ரொம்ப மெத்து. கொஞ்சம் வழுக்கி, கொஞ்சம் கடித்தால் பதம் சரி.

மூன்றாவது பித்தளைக் கம்பி. உருண்டையான பித்தளைக் கம்பியின் மேல் கத்தி வாயைச் சாய்த்து வைத்து மெதுவாக அழுத்தி இழுங்கள். வாய் லேசாக வளைந்து, விட்டதும் பழைய நிலைக்கு வந்தால் நல்ல கத்தி. வளைந்தது வளைந்தபடியே நின்றால் மெத்து. பல் விழுந்தால் இளக்கிய சூடு போதவில்லை.

நான்காவது சமையலறை. நன்கு பழுத்த தக்காளியை அழுத்தாமல் இழுத்தாலே தோல் அறுபட வேண்டும். அடுத்து ஒரு பெரிய கேரட். நறுக்கும்போது பாதியிலேயே 'டப்'பென்று பிளந்தால் கூர் இருந்தும் அலகு தடிமன் என்று அர்த்தம். அது வெளி வேலைக்கான கத்தி, சமையலுக்கு ஏற்றதில்லை.

ஐந்தாவது விறகு. காய்ந்த சவுக்குத் துண்டை ஒரு கட்டையின் மேல் வைத்து 50 முறை வெட்டுங்கள். பிறகு செய்தித்தாளை அறுத்துப் பாருங்கள். சுத்தமாக அறுத்தால் பாஸ். அங்கங்கே சிக்கிக் கிழித்தால், சிக்கிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மடங்கலோ பல்லோ தெரியும். அதே சவுக்கை மெல்லிய சுருளாகச் சீவவும் முடிந்தால், மழைக்காலத்தில் அடுப்பு மூட்டவும் அந்தக் கத்தி உதவும்.

கடைசியாகப் பிடி. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, வெட்டாமல், பிடித்து மட்டும் பாருங்கள். பலா பிளக்கும்போதும் மீன் ஆயும்போதும் கை இப்படித்தான் இருக்கும். விரல் வாய்ப் பக்கம் சறுக்கினால் பிடியை மாற்றச் சொல்லுங்கள். கத்தியின் முதுகைக் கட்டையில் தட்டும்போது பிடி 'கடகட'ன்னு ஆடினால், உள்ளே போகும் இரும்பு சரியாக இறுகவில்லை. விறகு வெட்டும்போது அலகு கழன்று பறப்பதற்கு இதுதான் காரணம்.

வெட்டிப் பார்க்கும் சோதனைகளின்போது கண்ணாடி அணிவது, செருப்புக்குப் பதில் ஷூ போடுவது, குழந்தைகளைத் தள்ளி நிற்கவைப்பது கட்டாயம்.

கறுத்துப் போனால் கெட்டுப்போச்சா?

இல்லை. எலுமிச்சை, தக்காளி, புளி பட்டால் கார்பன் எஃகு சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ மாறும். அது பயப்பட வேண்டிய விஷயமில்லை. சிவப்பாகப் படிவதுதான் துரு, அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். குடிகாடு போல உப்புக்காற்று அடிக்கும் ஊரில் கழுவிய கத்தியை ஈரத்தோடு வைத்தால் ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும். துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். புதுக் கத்தியில் துரு பிடிக்காமலிருக்க வார்னிஷோ கிரீஸோ பூசியிருக்கலாம். உணவில் படும் முன் அதை முழுசாக அகற்றுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்யப்பட்ட பொருட்களை ஆயுதமாகக் கருதுவதில்லை. மற்ற கத்திகளில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால், 2016-ம் ஆண்டு விதிகளின்படி ஆயுதப் பட்டியலில் வரும். ஆகவே கேம்பிங்குக்கு என்று ஆர்டர் கொடுக்கும்போது அளவைக் கவனியுங்கள். தேவையில்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டு ஊருக்குள் சுற்ற வேண்டாம், உறையில் போட்டுப் பைக்குள் வையுங்கள். விமானத்தில் கைப்பையில் கத்தி கூடவே கூடாது.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை, வாங்குபவரின் பெயர், முகவரியைக் குறித்துவைக்கும்படி பட்டறைக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. அதனால் பட்டறையில் விவரம் கேட்டால் கோபப்படாதீங்க, அது அவருக்கும் பாதுகாப்பு.

அப்போ எதைத்தான் வாங்குவது?

வீட்டில் இருக்கப்போகிறவர் மெல்லியதாக ஒன்று, வெட்டுவதற்குத் தடிமனாக ஒன்று என இரண்டாக வாங்குவதே நல்லது. தோளில் சுமந்து போகிறவருக்கு ஒன்றுதான் முடியும் என்றால் 3 மில்லிமீட்டர் தடிமன், 5 அங்குல அலகு நடுத்தரமான தேர்வு. சமையலும் ஓரளவு நடக்கும், சின்ன விறகும் வெட்டலாம்.

பட்டறைக்குப் போனதும் "நல்ல கத்தி ஒண்ணு குடுங்க அண்ணே" என்று மட்டும் சொல்லாதீங்க. "எதை வெட்டப் போறேன்" என்று சொல்லுங்கள். எவ்வளவு தடிமன் அடிப்பது, எவ்வளவு இளக்குவது என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். சோதனையில் பல் விழுந்தாலும் தூக்கிப் போடாமல் அவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். இளக்கிய சூடு போதாததுதான் காரணம் என்றால் மறுபடி சூடு காட்டி, சாணை பிடித்து, பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். கம்பெனிக் கத்தியில் கிடைக்காத வசதி இது.