கத்தியும் துளியும்

பூமத்தியரேகைக்கு அண்மையிலுள்ள ஜொகூர் மாநிலத்துச் செடெனாக் போன்ற தோட்டப்புறங்களில், ரப்பருக்கும் செம்பனைக்குமாகத் தமிழர் தலைமுறை தலைமுறையாக வெயிலில் உழைத்தனர். வெயிலின் புறஊதாக் கதிரோ, விழிப்பரப்பில் புற்று தோன்றுவதற்குரிய முதன்மைக் காரணங்களுள் ஒன்று. வெண்விழியில் எழும் அப்புற்று, பார்வைக்கு வெறும் சதை வளர்ச்சி போலவே தோன்றும். ஆதலின் நெடுநாள் பொருட்படுத்தப்படாமல் போவதுண்டு.

முற்காலத்தில் அதற்கு மருந்து கத்தி ஒன்றே. ஆயினும் கத்தி, கண்ணுக்குப் புலப்பட்டதையே அகற்றிற்று. ஓரங்களில் ஒளிந்திருந்த நோயணுக்கள் மீண்டும் தழைத்தன. பலமுறை அறுத்தால் விழிப்பரப்பு வடுப்பட்டுப் பார்வை குன்றும்.

1957இல் அமெரிக்க அறிஞர் சார்லஸ் ஐடல்பெர்கர் குழுவினர் ஃபுளோரோயூராசில் என்னும் மருந்தை அறிமுகப்படுத்தினர். அணுக்கள் பெருகுவதை அது தடுப்பது. 1980களில் அதனைக் கண்ணில் இட்டுப் பார்த்த முயற்சிகள் வெளிவந்தன. 1994இல் எருசலேம் மருத்துவர்கள் மைட்டோமைசின் சொட்டின் பயனை அறிவித்தனர். துளி விழிப்பரப்பெங்கும் பரவுவதால், கத்தி எட்டாத ஓரத்தையும் எட்டிற்று.

பூமத்தியரேகை ஊடறுத்துச் செல்லும் கென்யாவில் நிகழ்ந்த ஆய்வொன்று 2016இல் வெளியாயிற்று. அறுவைக்குப்பின் நான்கு வாரம் ஃபுளோரோயூராசில் இட்டோருள் ஓராண்டுக்குள் 11 விழுக்காட்டினருக்கே நோய் மீண்டது. மருந்தில்லாச் சொட்டு இட்டோருள் 36 விழுக்காட்டினருக்கு மீண்டது.

எனினும், கண்ணின் உள்ளே ஆழ ஊடுருவிய புற்றுக்குத் துளி மட்டும் போதாது. சில வேளைகளில் கண்ணையே இழக்க நேரும். ஆகவே வெயிலில் உழைப்போர், விழியில் வளரும் சதையைச் சிறிதென எண்ணாது விரைந்து மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். கத்தியின் வேலையைத் துளி செய்வது, நோயைக் காலத்தே கண்டறிந்தால்தான்.