மருதானைக் கல்லூரிகளும் பழைய மாணவர் நினைவுகளும்

கொழும்பின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் மருதானையைத் தவிர்த்துச் செல்லல் இயலாது. புகையிரதச் சந்தியும், 1911இல் திறக்கப்பெற்ற டவர் மண்டபமும், ஓயாத கடைவீதிகளும் கொண்ட இப்பகுதியில், அரைமணி நேர நடைக்குள் அடங்கும் மூன்று புகழ்பெற்ற கல்லூரிகள் அமைந்துள்ளன. 1886இல் புறக்கோட்டையில் தொடங்கி 1890இல் மருதானைக்கு வந்த ஆனந்தாக் கல்லூரி பௌத்தர்களுடையது. 1892இல் சித்திலெவ்வை, வாப்பிச்சி மரிக்கார் முதலானோரின் முயற்சியாலும், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த ஒறாபி பாஷாவின் ஊக்கத்தாலும் எழுந்த ஸாஹிராக் கல்லூரி முஸ்லிம்களுடையது. 1896இல் நிறுவப்பெற்ற புனித சூசையப்பர் கல்லூரி கத்தோலிக்கருடையது. பத்தே ஆண்டுகளுக்குள் மூன்று சமயத்தார் ஒரே வட்டாரத்தில் தத்தம் பிள்ளைகளைக் காத்துக்கொள்ள மூன்று கோட்டைகளை எழுப்பினர் எனலாம்.

ஆயின் இக்கோட்டைகளின் கதவுகள் ஏனையோருக்கு மூடப்பட்டிருக்கவில்லை. இன்று இப்பகுதியில் நடப்பவர் வீதிப் பெயர்களைச் சற்றே கவனிப்பின் ஒரு வேடிக்கையைக் காண்பர். சூசையப்பர் கல்லூரி அமைந்துள்ள பழைய டார்லி வீதி இப்பொழுது ரி. பி. ஜாயாவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஜாயாவோ மலாய் முஸ்லிம். பௌத்தரது ஆனந்தாவில் ஆசிரியராயிருந்து, பின்னர் 1921 முதல் 1947 வரை ஸாஹிராவின் அதிபராக விளங்கியவர். முஸ்லிம் அதிபரின் பெயர் கத்தோலிக்கக் கல்லூரியின் முகவரியாகியிருப்பது தற்செயலே. எனினும் பழைய மாணவர் பலர் தம் பள்ளிக்காலத்தை நினைவுகூரும்போது சொல்ல முயல்வது இத்தகைய ஓர் உலகத்தையே ஆகும்.

பழைய மாணவர் சங்கங்களின் ஆண்டு விருந்துகள், நூற்றாண்டு மலர்கள், கிரிக்கெற் பெருஞ்சமர்களின்போது கூடும் கூட்டங்கள் ஆகியவற்றை வரலாற்று மாணவர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. வயது முதிர்ந்தோர் தம் இளமையைப் புகழ்ந்து பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு என்றே அவற்றைக் கருதுவர். அது ஒருபுடை உண்மையே. பிரம்படி அங்கு நகைச்சுவையாகிவிடும். கட்டணம் செலுத்த இயலாது இடையில் நின்றவனின் பெயர் எந்த மலரிலும் இடம்பெறாது. எல்லா அதிபரும் பெரியோராகவே காட்சியளிப்பர். ஆனால், மலர்கள் எதனைச் சொல்கின்றன என்பதைப் போலவே, எதற்காக ஏங்குகின்றன என்பதும் வரலாற்றுச் சான்றேயாகும். மருதானைக் கல்லூரிகளின் பழைய மாணவர் ஏங்குவது பெரிதும் ஒன்றையே: சிங்களவரும் தமிழரும் முஸ்லிமும் பறங்கியரும் ஒரே வாங்கில் அமர்ந்த வகுப்பறை. அவ்வகுப்பறை எவ்வாறு உருவானது, எவ்வாறு மறைந்தது, அதன் நினைவு எதற்குப் பயன்பட்டது என்பனவே இங்கு ஆராயத்தக்கவை.

இக்கல்லூரிகள் ஆங்கில நாட்டின் 'கிராமர் ஸ்கூல்' மரபைப் பின்பற்றியவை. இலத்தீனும் கணிதமும் ஆங்கில இலக்கியமுமே அவற்றின் உயிர்நாடி. 1880இல் இலங்கைக்கு வந்த கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சையும், அதன் பின் வந்த இலண்டன் மற்றிக்குலேஷன் பரீட்சையும் அவற்றின் இலக்குகள். எழுதுவினைஞர் பதவி முதல் சிவில் சேவை வரை ஆங்கிலமே வாயிலாயிருந்த காலத்தில், எச்சமயத்துப் பெற்றோரும் நல்ல ஆங்கிலக் கல்லூரியையே நாடினர். கொழும்பில் வாழ்ந்த இந்துத் தமிழருக்கு இத்தகையதொரு கல்லூரி நெடுங்காலம் இருக்கவில்லை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி வளர்ச்சியுற்றது 1950களிலேயே. எனவே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பிற சமயத்தாரின் கல்லூரிகளுக்குச் செல்ல நேர்ந்தது. இன நல்லெண்ணம் இந்த வகுப்பறையைப் படைக்கவில்லை. அரசாங்க உத்தியோகமும் ஆங்கிலமுமே அதனைப் படைத்தன. பழைய மாணவரது நினைவுரைகள் மறந்துவிடும் முதலாவது உண்மை இதுவாகும். அவ்வகுப்பறையில் இடம்பெற்றோர் நாட்டுப் பிள்ளைகளுள் மிகச் சிறு தொகையினர் என்பது இரண்டாவது.

ஆனந்தாவின் வரலாறு இவ்வகையில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பி. டி. எஸ். குலரத்னவின் காலத்தில் தேசிய உணர்ச்சியின் களமாக விளங்கிய அக்கல்லூரியில் ஜாயா மாத்திரமன்றிச் சி. சுந்தரலிங்கமும் கற்பித்தார். சிவில் சேவையைத் துறந்து வந்து, உப அதிபராகப் பணியாற்றிப் பின்னர் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியரானவர் அவர். 1945 முதல் 1955 வரை அங்கு அதிபராயிருந்தவர் எல். எச். மெத்தானந்த. தனிச் சிங்களக் கோரிக்கையின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராக 1950களின் நடுப்பகுதியில் மெத்தானந்த நின்றார். சில ஆண்டுகளுக்குள் தமிழருக்குத் தனி அரசு வேண்டுமென முதலிற் குரலெழுப்பியோருள் ஒருவராகச் சுந்தரலிங்கம் நின்றார். இருவர் பெயரும் ஒரே கல்லூரியின் ஆசிரியர் வரலாற்றில் உள்ளன. மாணவர் வரிசையிலும் இதே நிலைதான். ஆனந்தாவிற் கற்ற என். எம். பெரேரா 1956இல் அரசகரும மொழிச் சட்டத்தை எதிர்த்தார்; ஆனந்தாவிற் கற்ற பிலிப் குணவர்த்தன அச்சட்டத்தைக் கொணர்ந்த அமைச்சரவையில் இருந்தார். ஒரே பாடசாலையிற் பயின்றால் ஒரே எண்ணம் உண்டாகும் என்போர் இதற்கு என் சொல்வர்?

ஸாஹிராவின் கதை வேறு. ஜாயா அரசியலுக்குச் சென்றதைத் தொடர்ந்து 1948இல் ஏ. எம். ஏ. அஸீஸ் அதிபர் பதவியை ஏற்றார். அவர் 1911இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்தவர். அங்கு வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கல்வி பெற்றவர். இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம் என்ற பெருமை அவருக்கு உண்டு. கல்முனையிற் கடமையாற்றியபோது கீழ்மாகாணத்துத் தமிழ், முஸ்லிம் புலவரோடு நெருங்கிப் பழகினார். அத்தகைய உயர் பதவியை விடுத்து ஒருவர் பாடசாலை அதிபராக வருதல் அந்நாளில் வியப்புக்குரிய செய்தி. சைவப் பாடசாலைகளில் வளர்ந்த முஸ்லிம் ஒருவர், முஸ்லிம் கல்லூரியொன்றின் தலைவராக அமர்ந்து, அங்கு தமிழ் மாணவருக்கும் தமிழ் ஆசிரியருக்கும் இடமளித்தமை வெறும் பெருந்தன்மையன்று. தாம் மாணவராயிருந்தபோது பெற்றதை அவர் அதிபராயிருந்து திருப்பிக் கொடுத்தார் என்றே கொள்ளல் வேண்டும்.

அவ்வாறு அங்கு வந்தோருள் கார்த்திகேசு சிவத்தம்பி ஒருவர். 1932இல் கரவெட்டியிற் பிறந்து, விக்னேஸ்வராக் கல்லூரியிற் பயின்ற அவர், பல்கலைக்கழகம் புகுமுன் ஸாஹிராவின் மாணவரானார். பட்டம் பெற்றபின் 1956 முதல் 1961 வரை அங்கேயே ஆசிரியராகவும் விளங்கினார். வடமராட்சியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் இஸ்லாமியச் சூழலில் வாழ்ந்தமை பிற்காலத்தில் அவருடைய பார்வையை விரிவாக்கியது எனக் கருத இடமுண்டு. தமிழிலக்கியத்தைத் தமிழ்பேசும் மக்கள் எல்லோருக்கும் உரியதாகக் கொண்டு ஆராயும் நோக்கு அவர்தம் எழுத்துக்களில் ஓங்கி நிற்பதை அறியாதார் இலர். அவர் ஆசிரியராயிருந்த ஆண்டுகளே நாட்டின் கொந்தளிப்பான ஆண்டுகளாகவும் அமைந்தன. 1956இல் அரசகரும மொழிச் சட்டம் செனற் சபைக்கு வந்தபோது, உறுப்பினராயிருந்த அஸீஸ் அதனை எதிர்த்தார். தாம் சார்ந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்தும் விலகினார். மருதானையின் ஒரு கல்லூரியினது முன்னாள் அதிபர் தனிச் சிங்களத்துக்காகப் போராட, மற்றொரு கல்லூரியின் அதிபர் அதனை எதிர்த்து வாக்களித்தார்.

வகுப்பறை பிரிந்ததும் இக்காலத்திலேயே. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழியாயிற்று. 1950களில் அது படிப்படியாக மேல்வகுப்புகளுக்கும் உயர்ந்தது. சிங்களப் பிள்ளை சிங்களத்திலும் தமிழ்ப் பிள்ளை தமிழிலும் கற்றல் வேண்டும் என்பது விதி. முஸ்லிம்களுக்கும் பறங்கியருக்கும் மாத்திரம் மொழியைத் தெரிந்துகொள்ளும் சலுகை இருந்தது. இம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. கிராமத்து உழவனின் பிள்ளை பல்கலைக்கழகம் புக முடிந்தது இதனாலேயே. தமிழில் வரலாறும் பொருளியலும் விஞ்ஞானமும் கற்பிக்கப்பட்டமையும் இதனாலேயே. பழைய மாணவர் சிலர் இதனைத் தரவீழ்ச்சி எனப் புலம்புவது ஏற்றுக்கொள்ளத் தக்கதன்று. ஆனால், ஒரே கூரையின்கீழ் இரு மொழிப் பிரிவுகள் தோன்றியபோது, மாணவர் மைதானத்தில் மாத்திரம் சந்திக்கும் அயலாராயினர் என்பதையும் மறுத்தல் கூடாது. ஆங்கிலம் நீங்கிய இடத்தில் ஒருவர் மொழியை மற்றவர் கற்கும் ஏற்பாடு உறுதியாக இடம்பெற்றிருப்பின் இழப்பு இத்துணையாயிராது. அது நிகழவில்லை.

1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, ஆனந்தா அரசாங்கப் பாடசாலையாயிற்று. சூசையப்பர் கல்லூரி கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாக நின்று பெருந்துன்பங்களுக்கு ஆளாயிற்று. அஸீஸ் 1961இல் ஸாஹிராவை விட்டு நீங்கினார்.

பள்ளித்தோழமை எத்துணை வலியது, எத்துணை மெலியது என்பதை அறிய மருதானைக்கு வடக்கே, கொட்டாஞ்சேனையை அடுத்த முகத்துவாரத்துக்குச் செல்லல் வேண்டும். 1918இல் கல்கிசைக்குப் பெயருமுன் புனித தோமையார் கல்லூரி அங்கேயே இருந்தது. எஸ். ஜே. வி. செல்வநாயகமும் எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்கவும் அக்கல்லூரியில் ஒரே காலத்திற் கற்றவர்கள். நாற்பது ஆண்டுகளின் பின், 1957 ஜூலை 26இல், ஒருவர் பிரதமராகவும் மற்றவர் தமிழரசுக் கட்சித் தலைவராகவும் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டனர். தமிழைத் தேசிய சிறுபான்மையோரின் மொழியாக ஏற்கவும், பிரதேச சபைகளை அமைக்கவும் அது வழிவகுத்தது. ஒருவரோடொருவர் இருந்து பேசுதற்குப் பழைய கல்லூரியின் பொதுப் பழக்கவழக்கங்களும் பொதுமொழியும் ஓரளவு உதவியிருக்கலாம். ஆயின் 1958 ஏப்ரலில், பிரதமரின் இல்லத்து முன்றிலில் பிக்குமார் அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தபோது, அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே நாட்டிற் கலவரம் வெடித்தது. ஆங்கிலக் கல்லூரியின் வகுப்பறையில் உருவான நெருக்கம் அவ்வகுப்பறையைக் கண்டிராத பெருந்தொகை மக்களைத் தொடவில்லை. அம்மக்களின் வாக்குகளே அரசியலை நடத்தின.

தனிமனிதர் மட்டத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1983 ஜூலையிற் கொழும்புத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, சிங்கள, முஸ்லிம் அயலவரும் நண்பரும் பலருக்கு அடைக்கலம் அளித்தனர் என்பது பரவலாகப் பதிவாகியுள்ள செய்தி. அதன்பின் கொழும்புத் தமிழருட் பெருந்தொகையானோர் நாட்டை விட்டு வெளியேறினர். இலண்டன், ரொறன்ரோ, சிட்னி, மெல்பேண் ஆகிய நகரங்களில் இலங்கைக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் பெருகியமை இவ்வெளியேற்றத்தின் பின்விளைவாகும். ஊரும் வீடும் அற்றோர்க்குக் கல்லூரியின் பெயர் ஒரு முகவரியாயிற்று.

நினைவு ஒருபக்கச் சார்புடையதாதல் எளிது; தமிழர் இழந்தவற்றை மாத்திரம் பேசி அமைதலும் முறையன்று. அஸீஸ் 1973இற் காலமானார். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்கு மறைவின் பின்னான கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அதற்குப் பத்தாண்டுகளின் பின், 1990 ஒக்டோபரின் இறுதி நாட்களில், விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். அஸீஸ் பிறந்து வளர்ந்த சூழலும், அவர் நடந்து பள்ளிக்குச் சென்ற வீதிகளும் அவருடைய இனத்தார் எவருமின்றி வெறிச்சோடின. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் கற்ற முஸ்லிம் மாணவருக்கும் ஒரு பழைய மாணவர் வரலாறு உண்டு. அவர்களுட் பலர் அதனைப் புத்தளத்து அகதி முகாம்களில் இருந்தே நினைவுகூர நேர்ந்தது. கொழும்புக் கல்லூரி மலர்களைப் போன்று வழவழப்பான தாளில் அச்சேறாத இந்நினைவுகளையும் திரட்டுதல் தமிழ் வரலாற்று மாணவரின் கடமையாகும்.

திரட்டுவோர் சில வினாக்களைக் கையோடு கொண்டு செல்லல் நன்று. வகுப்பில் யார் யாரருகே அமர்ந்தனர்? மதிய உணவை யாரோடு பகிர்ந்தனர்? சமயபாட வேளையில் ஏனைய சமயத்துப் பிள்ளைகள் எங்கு அனுப்பப்பட்டனர்? 1956க்குப் பின் எந்த ஆண்டில், எந்த வகுப்பில் நண்பன் வேறு பிரிவுக்குச் சென்றான்? அன்று மாலை ஒரே புகையிரதத்தில் வீடு திரும்பினரா? மருதானைக் கல்லூரிகளில் அந்த ஆண்டுகளிற் பயின்றோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர்.