சூரன்போருக்குப் போகிற பிள்ளை: விசேட தேவையுடைய சிறுவர்களோடு ஐப்பசிக் கொண்டாட்டங்கள்

ஒக்டோபர் கடைசிக் கிழமை வந்தால் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழு பேய்களால் நிறைந்துவிடும். ரொரன்ரோவில் இருக்கும் அண்ணாவின் பிள்ளைகள் வௌவால் செட்டையோடும் எலும்புக்கூட்டுச் சட்டையோடும் நிற்பார்கள். "தம்பிக்கு என்ன வேஷம்?" என்று மச்சாள் கேட்பா. வட்டுக்கோட்டையில் ஹலோவீன் இல்லை. ஆனால் வேஷத்துக்கும் சத்தத்துக்கும் எங்களுக்குக் குறைவில்லை. தீபாவளி முடிந்து ஒரு கிழமையில் சூரன்போர் வந்துவிடும். 2024 இல் ஹலோவீன் நாளான ஒக்டோபர் 31 அன்றே தீபாவளியும் வந்தது. நவம்பர் 7 இல் சூரன்போர்.

என் மகனுக்கு ஆறு வயது, ஓட்டிசம் உள்ளவன். சொற்கள் குறைவு, காது மிகக் கூர்மை. கணவர் காலையில் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். நான் எழுதுவது அவன் நித்திரை கொண்ட பிறகு. நேரமில்லாத, இப்படியான பிள்ளை உள்ள மற்றத் தாய் தகப்பன்மாருக்காக, நாங்கள் செய்து பார்த்தவற்றையும் வாசித்து அறிந்தவற்றையும் இங்கே சேர்த்துத் தருகிறேன்.

எங்கள் ஊர்களில் இப்படியான பிள்ளைகளின் வீட்டுக்குத் திருவிழா நாளில் வருகிற முதல் ஆலோசனை, "அவனை அம்மம்மாவோட விட்டிட்டு வாங்கோவன்" என்பது. அன்போடுதான் சொல்கிறார்கள். சிலர் நூல் கட்டச் சொல்வார்கள், சிலர் முற்பிறப்புக் கணக்கை எடுப்பார்கள். இப்படி ஒவ்வொரு வருடமும் விட்டுவிட்டுப் போனால், அந்தப் பிள்ளையின் முகம் ஊருக்குத் தெரியாமலே போய்விடும். இலங்கையில் ஓட்டிசம் அபூர்வமும் அல்ல. 2009 இல் வெளியான, மருத்துவர் ஹேமமாலி பெரேரா குழுவினரின் சிறிய ஆய்வொன்று, 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று மதிப்பிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 30 ஆவது உறுப்புரை பண்பாட்டு வாழ்விலும் விளையாட்டிலும் பங்குகொள்வதைப் பற்றியது. கோயில் வீதியில் நின்று சூரனைப் பார்ப்பதும் அதற்குள் அடங்கும் என்பதே என் வாசிப்பு.

சூரன் ஏன் கடினம்

ஆளை விட உயரமான சூரனை இளைஞர்கள் தோளில் தூக்கிக்கொண்டு வீதியில் ஓடுவார்கள், ஆட்டுவார்கள், சுழற்றுவார்கள். யானைமுகத் தாரகன், சிங்கமுகன், பிறகு சூரன் என்று தலை மாறிக்கொண்டே இருக்கும். கடைசியில் மாமரம். கூடவே மேளம், சங்கு, ஒலிபெருக்கி, தள்ளுகிற சனம். மாறாத ஒழுங்கில் நிம்மதி காண்கிற ஓட்டிசப் பிள்ளைக்கு, கண் முன்னே முகம் மாறுவது விளங்காத விடயம். டவுன் சின்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்கு இதே ஆட்டம் பெரிய குதூகலம். வலிப்பு உள்ள பிள்ளைக்குச் சூரனை விட நித்திரை குறைவதும் மருந்து நேரம் தப்புவதும்தான் ஆபத்து. ஆகவே "விசேட தேவை" என்ற ஒரே சொல்லை வைத்து எல்லாருக்கும் ஒரே திட்டம் போட முடியாது.

கதையிலேயே ஒரு வசதி இருக்கிறது. கந்தபுராணத்தில் சூரன் அழிந்துபோவதில்லை. வேல் பட்டு இரண்டாகப் பிளந்த மாமரம் மயிலும் சேவலுமாக மாறி முருகனோடு சேர்ந்துவிடுகிறது. "சூரன் செத்துப்போனான்" என்று சொல்லாமல் "சூரன் மயிலாகிட்டார்" என்று சொன்னால் பயம் பாதியாகக் குறைகிறது. பிள்ளைக்குச் சொல்ல இதை விட நல்ல முடிவு வேறெந்தப் பேய்க்கதையில் இருக்கிறதோ தெரியவில்லை.

ஒரு கிழமைக்கு முன்பே தொடங்க வேண்டும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும், சோறு அடுப்பில் இருக்கும்போதே செய்யலாம். பிஸ்கட் பெட்டி மட்டையில் மூன்று முகங்கள் வெட்டுங்கள். பிள்ளை பார்க்கப் பார்க்க உங்கள் முகத்தில் வைத்து எடுங்கள்: "அம்மா, சிங்கம், அம்மா." முகமூடிக்குப் பின்னால் இருக்கிற ஆள் மாறுவதில்லை என்பதைச் சொல்லால் விளங்கப்படுத்துவதை விட இது சுலபம். அடுத்து, யூரியூப்பில் ஏதாவதொரு கோயிலின் சூரன்போர் காணொளியை மிகக் குறைந்த சத்தத்தில் காட்டுங்கள். நிறுத்துகிற விரல் பிள்ளையின் விரலாக இருக்கட்டும். முதல் நாள் என் மகன் மூன்று விநாடியில் நிறுத்தினான். ஐந்தாம் நாள் தானாகவே திரும்பப் போட்டான். பிறகு நாலு படங்களை ஒரு தாளில் ஒட்டுங்கள்: ஓட்டோ, கோயில், சூரன், வீடு. கடைசிப் படம் வீடாக இருப்பது முக்கியம், முடிவு உண்டு என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கோண்டாவில் சிவபூமி பாடசாலை, கைதடி நவீல்ட் பாடசாலை போன்ற இடங்களில் பிள்ளை படித்தால், அதே படத்தாளை ஆசிரியருக்கும் கொடுத்துவிடுங்கள்.

அன்றைக்கு

முழுத் திருவிழாவும் பார்க்கத் தேவையில்லை. நாங்கள் சனம் சேர முன்பே போய், சும்மா நிறுத்தி வைத்திருக்கும் சூரனைத் தொட்டுப் பார்க்க விடுவோம். அசையாத சூரனை அறிந்த பிள்ளைக்கு அசைகிற சூரன் புதியவர் அல்ல. பிறகு வீதியின் தூரத்து மூலையில், ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்கமாக நிற்போம். ஹாட்வெயார் கடைகளில் வேலையாட்களுக்கென விற்கும் காதுமூடி உதவும். அதையும் வீட்டில் நாலு நாள் போட்டுப் பழக்க வேண்டும். அரை மணித்தியாலம் நின்றாலே எங்களுக்குத் திருவிழாதான்.

எங்கள் ஒழுங்கையில் பெருமூளை வாதம் உள்ள ஒரு சிறுமி இருக்கிறாள். அவளுக்குச் சத்தம் பிரச்சினையில்லை, மணல்தான் பிரச்சினை. சக்கர நாற்காலியின் சின்ன முன்சில்லு கோயில் வீதி மணலில் புதைந்துவிடும். பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சில்லை முன்னே வைத்து இழுத்தால் ஓரளவு வரும். இறுகிய நிலத்தில் இடம் கேட்டு வைப்பது அதை விட நல்லது.

இனி, நான் மிகவும் பயப்படுகிற விடயம். சனத்துக்குள் கையை உதறிவிட்டு ஓடுவது ஓட்டிசப் பிள்ளைகளில் சாதாரணம். அப்படி ஓடிப்போய் இறக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் தண்ணீரில் மூழ்கியே இறக்கிறார்கள் என்று அமெரிக்கத் தரவுகள் சொல்கின்றன. ஐப்பசி எங்களுக்கு மாரி. கோயில் கேணி, கட்டில்லாத கிணறு, வயல் வெள்ளம், வழுக்கையாறு எல்லாம் நிறைகிற காலம். பிள்ளை காணாமல் போனால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள், பிறகு சனத்துக்குள் தேடலாம். கண்ணில் அடிக்கிற நிறத்தில் சட்டை போடுங்கள். உங்கள் தொலைபேசி இலக்கத்தைப் பிள்ளையின் முன்கையில் பேனையால் எழுதிவிடுங்கள். இரண்டு பெரியவர்கள் போனால், ஒருவருக்குப் பிள்ளையைத் தவிர வேறு வேலை இருக்கக்கூடாது. படம் எடுக்கிற வேலை உட்பட.

கச்சான் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பதும் தெரியும். மெல்லவும் விழுங்கவும் சிரமப்படுகிற பிள்ளைக்குக் கச்சானும் கடலையும் மூச்சுக்குழாயில் அடைக்கக்கூடியவை. வீட்டிலிருந்து பழகிய சாப்பாட்டைக் கொண்டுபோங்கள்.

வெடி

தீபாவளியில் புதுச்சட்டையை இரண்டு தரம் தோய்த்து மெதுவாக்கி, கழுத்து லேபலை வெட்டிவிட்டால் காலைச் சண்டை பாதி முடிந்துவிடும். மிச்சம் வெடி. வெடி போன்ற திடீர்ச் சத்தம் சிறுவர்களின் காதில் 120 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பக்கத்தில் வெடிக்கிற வெடி அதை இலகுவாகத் தாண்டும்.

எங்கள் ஊரில் வெடிச்சத்தம் வெறும் சத்தம் அல்ல. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது எனக்கு நாலு வயது. இன்றைக்கும் எதிர்பாராமல் வெடித்தால் என் தோள் உயர்ந்துவிடும். மடியில் இருக்கிற பிள்ளை வெடியைக் கேட்க முன்னமே என் உடம்பைக் கேட்டுவிடுகிறது. போர் ஆளை மட்டுமல்லாமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். வெடி நேரத்தில் உங்களுக்கே நெஞ்சு படபடத்தால், பிள்ளையை வைத்திருக்கிற பொறுப்பை அந்த ஒரு மணித்தியாலம் வேறொருவரிடம் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பொடியன்களிடம் "எத்தனை மணிக்குக் கொளுத்துவீங்கள் தம்பியவை?" என்று கேட்டு வைக்கலாம். நேரம் தெரிந்தால் காதுமூடியோடு உள் அறைக்குள் இருக்கலாம். எங்கள் ஒழுங்கைப் பொடியன்கள் போன வருடம் ஏழு மணி என்று சொல்லி, ஏழு மணிக்கே தொடங்கினார்கள். பெரியவர்களிடம் கிடைக்காத நேரந்தவறாமை.

விரதத்தைப் பற்றியும் ஒரு சொல். கேதாரகௌரி 21 நாள், அது முடிந்த கையோடு கந்தசஷ்டி 6 நாள். வெறும் வயிற்றோடு, உதைக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சனத்துக்குள் நிற்பது பாதுகாப்பானதல்ல. சூரன்போர் அன்று பிள்ளையைத் தூக்குகிறவர் சாப்பிட்டவராக இருக்கட்டும்.

அமெரிக்காவில் 2014 இலிருந்து, ஒவ்வாமையுள்ள பிள்ளைகளுக்காகச் சில வீடுகள் ஹலோவீன் அன்று நீலப்பச்சைப் பூசணிக்காய் வைக்கின்றன. இனிப்பல்லாத சிறு பொருட்களும் இங்கே உண்டு என்பது அதன் பொருள். ஒரு பூசணிக்காயும் கொஞ்சம் வர்ணமும்தான் செலவு. எங்கள் கோயில் பரிபாலன சபைகளிடமும் பெரிதாக எதுவும் கேட்கத் தேவையில்லை. ஒலிபெருக்கி இல்லாத ஒரு மூலை, அங்கே கயிறு கட்டிப் பத்துக் கதிரை, மணலுக்கு மேல் இரண்டு பலகை, கேணிப் படியில் ஒரு தொண்டர், சூரனைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க முன்கூட்டியே பதினைந்து நிமிடம். கந்தசஷ்டி தொடங்க முந்திய கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். தொடங்கிய பிறகு அவர்களுக்கும் நேரமிருக்காது. கடிதமாகக் கொடுத்தால், எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்ற எண்ணையும் எழுதுங்கள். ஒழுங்கை ஒழுங்கையாகக் கேட்டுப் பார்த்தால் அந்த எண் நீங்கள் நினைத்ததை விடக் கூடுதலாக இருக்கும்.