அபார்ட்மென்ட் ரெடி... தண்ணீர், சாக்கடை, ஸ்கூல் ரெடியா? 'வசதி இருந்தால்தான் வீடு' விதி சொல்வது என்ன?

புது அடுக்குமாடி எழும்புகிறது. 500 குடும்பங்கள் குடிவருகின்றன. ஆனால் தெருவில் இருப்பதோ பழைய குடிநீர்க் குழாய், பழைய சாலை, ஏற்கெனவே நிரம்பி வழியும் பள்ளி. கூடுதல் சுமையை யார் தாங்குவது? 'வசதி இருந்தால்தான் வீடு கட்ட அனுமதி' என்று அமெரிக்காவின் சில ஊர்கள் விதி போட்டன. அது பலன் தந்ததா? தமிழ்நாட்டில் நிலைமை என்ன? சுருக்கமாகப் பார்க்கலாம்.

எங்கே ஆரம்பிச்சது?

நியூயார்க் நகருக்குப் பக்கத்தில் ராமபோ என்று ஒரு ஊர். 1950-களில் நெடுஞ்சாலையும் ஹட்சன் ஆற்றின் மேல் புதுப் பாலமும் வந்ததும், ஊர் மளமளவென்று வளர்ந்தது. சாக்கடை, பள்ளி, சாலை எதுவும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை.

1969-ல் ஊர் நிர்வாகம் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. கழிவுநீர் வசதி, மழைநீர் வடிகால், பூங்கா மற்றும் பள்ளி, சாலை ஆகிய நான்குக்கும் தலா 5 மதிப்பெண். தீயணைப்பு நிலையத்துக்கு 3. மொத்தம் 23. குறைந்தது 15 எடுத்தால்தான் குடியிருப்புத் திட்டத்துக்கு அனுமதி.

அப்போ மதிப்பெண் குறைஞ்சா வீடே கட்ட முடியாதா?

முடியும். ஆனால் காத்திருக்க வேண்டும். எந்தப் பகுதிக்கு எந்த வசதி எப்போது வரும் என்று 18 ஆண்டுத் திட்டத்தை ஊர் நிர்வாகம் முன்கூட்டியே வெளியிட்டது. காத்திருக்க விரும்பாத பில்டர், குறைகிற வசதியைத் தன் செலவிலேயே செய்து கொடுத்து மதிப்பெண்ணை ஏற்றிக்கொள்ளலாம். காத்திருக்கும் நிலத்துக்கு வரிச் சலுகை கேட்கவும் வழி இருந்தது.

நில உரிமையாளர்களும் பில்டர்களும் வழக்குப் போட்டார்கள். 1972-ல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. ஊர் வளர்ச்சியை நிரந்தரமாகத் தடுக்கவில்லை, காலக்கெடுவோடு வரிசைப்படுத்துகிறது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அதன்பின் மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டி 1973-லும், புளோரிடா மாநிலம் 1985-லும் இதேபோன்ற சட்டம் கொண்டுவந்தன.

சூப்பரா இருக்கே... சிக்கல் எங்கே?

சிக்கல் 1: ஓரிடத்தில் அனுமதி கிடைக்காத பில்டர், சாலை காலியாக இருக்கும் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். நகரம் இன்னும் பரந்து விரிகிறது.

சிக்கல் 2: வீடுகள் குறைந்தால் விலை ஏறும். ஏற்கெனவே வீடு வைத்திருப்பவருக்கு லாபம். புதிதாக வருபவருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் அடி.

சிக்கல் 3: பழி தப்பான இடத்தில் விழலாம். மான்ட்கோமரியில் ஒரு பகுதியின் பள்ளிகள் 120 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் அங்கே புது வீடுகளுக்குத் தடை. ஆனால் மாணவர் எண்ணிக்கை கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் புது அபார்ட்மென்ட் அல்ல, பழைய வீடுகள் கைமாறி சின்னக் குழந்தைகளோடு குடும்பங்கள் வருவதுதான் என்று திட்டக் குழு கண்டறிந்தது. 2020-ல் அந்தத் தடை கைவிடப்பட்டது.

ராமபோவே 1983-ல் தன் மதிப்பெண் முறையை நீக்கிவிட்டது. புளோரிடா 2011-ல் சாலை, பள்ளி, பூங்காவுக்கான நிபந்தனையை உள்ளாட்சிகளின் விருப்பத்துக்கு விட்டது. குடிநீர், கழிவுநீர், வடிகால், குப்பை ஆகிய நான்கையும் மட்டும் கட்டாயமாகவே வைத்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் இப்படி விதி இருக்கா?

பாதி இருக்கிறது. 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, எவ்வளவு உயரம் கட்டலாம் என்பது சாலையின் அகலத்தைப் பொறுத்தது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்காகத் தானமாகக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். இதுபோக, உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணமும் உண்டு. அது மாநில அளவிலான நிதியில் சேர்கிறது.

இல்லாத பாதி எது? நேரம். பணம் கட்டியாச்சு என்றால் அனுமதி உண்டு. ஆனால் அந்தத் தெருவுக்குக் குழாய் எந்த ஆண்டு வரும் என்பதோடு அனுமதியைக் கோர்க்கும் ராமபோ மாதிரியான முறை இங்கே இல்லை.

இதன் விளைவுக்கு ஓ.எம்.ஆர். நல்ல உதாரணம். 2011-ல் சென்னை மாநகராட்சி 174-லிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது பெருங்குடி, சோழிங்கநல்லூர் எல்லாம் உள்ளே வந்தன. மாடிகள் முதலில் வந்தன, குழாய்கள் பின்னாடி வந்தன. இடைப்பட்ட காலத்தை லாரித் தண்ணீர்தான் ஓட்டியது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, அங்கிருந்த சில ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லும் நிலை வந்தது. வீட்டுக் கடன் தவணையோடு லாரித் தண்ணீருக்கும் மாதாமாதம் பணம் கட்டியது குடியிருப்பவர்கள்தான்.

வீடு வாங்கும் முன் என்ன கேட்கணும்?

* குடிநீர் வாரிய இணைப்பு இப்போது இருக்கிறதா, 'வரும்' என்கிறார்களா? எழுத்தில் கேளுங்கள்.
* கழிவுநீர் பாதாளச் சாக்கடைக்குப் போகிறதா, வளாகத்திலேயே சுத்திகரிப்பா? அதன் மாதப் பராமரிப்புச் செலவு எவ்வளவு?
* நிறைவுச் சான்று வாங்கியாச்சா? பெரிய அடுக்குமாடிகளுக்கு அது இல்லாமல் மின்சாரம், குடிநீர் இணைப்பு கிடைக்காது.
* அதே தெருவில் இன்னும் எத்தனை அடுக்குமாடிகள் வரப்போகின்றன? ரெரா இணையதளத்தில் பதிவான திட்டங்களைப் பார்க்கலாம்.

சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரைதான். அடுத்த 20 ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டத்தில், எந்தப் பகுதிக்கு எந்த வசதி எந்த ஆண்டில் வரும் என்ற கால அட்டவணை இடம்பெறுமா என்பதே முக்கியமான கேள்வி. வீடுகளைத் தடுப்பதைவிட, வசதிகளுக்குத் தேதி குறிப்பது கடினம். ஆனால் குடிவரும் குடும்பங்களுக்குத் தேவை அந்தத் தேதிதான்.