துவக்கின் உதைப்பும் தோளின் பயிற்சியும்

1980ஆம் ஆண்டளவில், நான் சிறுவனாயிருந்த காலத்தில், வன்னியில் பெரியப்பாவின் வயற்காவலுக்கு ஓரிரவு துணை போயிருந்தேன். பன்றி வெருட்டுவதற்கென அவரிடம் அனுமதிப்பத்திரத்துடன் ஓர் இரட்டைக்குழல் 12 போர் துவக்கு இருந்தது. வெளிச்சம் வந்தபின், ஆளரவமற்ற வெளியை நோக்கி ஒரு வெடி வைக்க எனக்கு அனுமதி தந்தார். "தம்பி, தோளோடை அணைச்சுப் பிடி. விட்டுப் பிடிச்சால் உதைக்கும்" என்றார். பயத்தில் நான் விட்டுத்தான் பிடித்தேன். ஒரு கிழமை தோள் கன்றிக் கிடந்தது. அதைவிட மோசமானது, அடுத்தமுறை விசையில் விரல் வைத்ததுமே கண் தானாக மூடிக்கொண்டதுதான்.

உதைப்பு தவிர்க்க முடியாதது. 1687இல் நியூட்டன் வெளியிட்ட மூன்றாம் விதிக்கு எந்தத் துவக்கும் விலக்கல்ல. சுமார் 32 கிராம் ஈயச் சன்னங்கள் செக்கனுக்கு 365 மீற்றர் வேகத்தில் முன்னே பாயும்போது, மூன்றேகால் கிலோ எடையுள்ள துவக்கு செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் பின்னே வருகின்றது. அதே தோட்டாவைப் பாதி எடையுள்ள துவக்கில் இட்டால் உதைப்பின் சக்தி இருமடங்காகும். துவக்கு தோளோடு ஒட்டியிருந்தால் அது உடலைத் தள்ளும். இடைவெளி இருந்தால் சம்மட்டிபோல் அடிக்கும்.

இதனை நினைக்கும்போதெல்லாம் பிரடெரிக் செலூ என்ற ஆங்கிலேய வேட்டைக்காரரே என் ஞாபகத்துக்கு வருவார். 1871இல், 19 வயதில், ஆபிரிக்காவின் தென்கரையில் இறங்கியவர் அவர். தம்மிடமிருந்த நல்ல துவக்கைப் பறிகொடுத்த பின்னர், தாரா சுடுவதற்கெனப் பேர்மிங்ஹாமில் செய்யப்பட்ட மலிவான 4 போர் துவக்குகள் இரண்டை வாங்கினார். கால் றாத்தல் எடையுள்ள ஈயக்குண்டு. கைப்பிடி கணக்கில் வெடிமருந்து. 1872 முதல் 1874 வரை அவற்றால் 78 யானைகளைக் கொன்றார். ஒருமுறை வெடிக்கத் தவறிய துவக்கு தவறுதலாக மீண்டும் நிரப்பப்பட்டு, இரட்டை மருந்துடன் வெடித்தது. அவர் நிலத்திலிருந்து தூக்கி எறியப்பட்டார், கன்னம் கிழிந்தது, துவக்கு கையைவிட்டுப் பறந்தது. காயம் ஆறியது. ஆனால் அத்துவக்குகளின் உதைப்பு தமது நரம்புகளையே தாக்கிவிட்டதென்றும், அதன்பின் தமது குறி என்றும் சீராகவில்லையென்றும், அவற்றைத் தொட்டதற்காகவே வருந்துவதாகவும் 1881இல் வெளிவந்த தமது நூலில் எழுதிவைத்தார். யானைக்கு அஞ்சாத மனிதரை வென்றது அவரது துவக்கே.

இதற்கு நேரெதிரான வரலாறு அமெரிக்கப் பெண்மணி ஆனி ஓக்லியினுடையது. ஐந்தடி உயரமேயுள்ள மெல்லிய உடலினர். 1887இல் பபலோ பில்லின் காட்சிக் குழுவுடன் லண்டன் சென்றபோது, அங்குள்ள வேகமான புறாக்களைச் சுடுவதில் தடுமாறினார். சார்ள்ஸ் லங்காஸ்டர் என்ற துவக்குத் தொழிலகம் அவரது துவக்கு பாரம் மிக்கதெனக் கண்டு, அவரது உடல் அளவுக்கேற்ப, 5 றாத்தலைச் சற்றே கடந்த எடையில் 20 போர் துவக்குகளைச் செய்துகொடுத்தது. சிறிய போராகையால் தோட்டாவின் மருந்தும் சன்னமும் குறைவு. எனவே எடை குறைந்தும் உதைப்பு மிகவில்லை. 1922இல், 62ஆவது வயதில், வட கரோலினாவின் பைன்ஹேர்ஸ்ட்டில் 16 யார் தொலைவிலிருந்து 100 களிமண் தட்டுகளைத் தொடர்ச்சியாகச் சுட்டு வீழ்த்தினார்.

ஆக, உடல் வலிமை இங்கு பெரிதன்று. உடலுக்கேற்ற துவக்கு, அளவான தோட்டா, முன்காலில் ஊன்றிச் சற்றே முன்சாய்ந்த நிலை, தோட்குழியில் பதிந்த பிடங்கு, கட்டையோடு ஒட்டிய கன்னம் ஆகியவையே தேவை. இவை யாவும் பழக்கத்தால் வருபவை.

பெரியப்பா அந்தப் பழக்கத்தைத்தான் தந்தார். பல நாட்கள் வெறுந்துவக்கைத் தோளில் வைத்து எடுக்கச் செய்தார். பின்னர், தோட்டா உண்டா இல்லையா என்று சொல்லாமலே கையில் தருவார். தோட்டா இல்லாத வேளையில் விசையை இழுக்க, குழல்வாய் வெட்கமின்றிக் கீழே குனியும். துவக்கு உதைக்கவில்லை, குனிந்தது என் பயம். அதைக் கண்ணால் கண்ட பின்னரே அது என்னை விட்டகன்றது.

செலூவுக்கு அப்படியொரு பெரியப்பா வாய்க்கவில்லை.