குரங்கணி ஓடைக்கு எந்த நாட்டு மார்க் ஷீட்?

குரங்கணி என்றதும் பலருக்கு 2018 மார்ச் காட்டுத்தீதான் ஞாபகம் வரும். கொஞ்சம் பழைய கதை தெரிந்தவர்கள் ரோப்வேயைச் சொல்வார்கள். மூணாறு தேயிலை குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கயிற்றில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியேறி போடிக்குப் போன காலம் அது. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு இந்தச் சரிவில் பிடித்தது வேறு ஒன்று: ஓடையில் கிடக்கும் கற்களின் அடிப்பக்கம்.

ஓடும் தண்ணீரில் உள்ளங்கை அகலக் கல்லை எடுத்துப் புரட்டினால், மூன்று வால் வைத்த தட்டையான பூச்சி ஒன்று நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். மேஃப்ளையின் இளம்பருவம் அது. பக்கத்திலேயே மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிய கேடிஸ் ஈ இருக்கலாம். நாணயம் போல கல்லோடு ஒட்டிக்கிடப்பது ஒரு வண்டின் புழு. இவையெல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அதே தண்ணீரில் வாழ்கின்றன. பாட்டிலில் பிடித்த தண்ணீர் அந்த நிமிஷத்தை மட்டும்தான் சொல்லும். பூச்சிகள் லாக் ஃபைல் மாதிரி, நேற்று இரவு நடந்ததும் அதில் இருக்கும்.

இந்த லாக்கை முதலில் முறையாகப் படித்தவர்கள் ஜெர்மானியர்கள். கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் 1902-ல் ஆரம்பித்து, 1908-ல் தாவரங்களுக்கும் 1909-ல் விலங்குகளுக்கும் பட்டியல் போட்டார்கள். சாக்கடை கலக்கும் இடத்தில் எது பிழைக்கும், கீழே போகப்போக தண்ணீர் தேறும்போது எது திரும்பி வரும் என்பதுதான் அந்தப் பட்டியல். பிரிட்டனில் வுடிவிஸ் என்பவர் 1964-ல் டிரென்ட் நதிக்கு ஒரு குறியீடு செய்தார். 1976-ல் அரசே ஒரு குழு போட்டது. அந்தக் குழுவின் முதலெழுத்துகள்தான் பி.எம்.டபிள்யூ.பி. (காருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.) இனம் வரை போக வேண்டாம், குடும்பம் தெரிந்தால் போதும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மார்க் என்று எளிமையாக்கினார்கள். ஆக்சிஜன் இல்லாமலும் சமாளிக்கும் மண்புழு இனத்துக்கு 1. சுத்தமான தண்ணீர் இல்லாவிட்டால் செத்துப்போகும் ஸ்டோன்ஃப்ளைக்கு 10.

நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் குடும்பங்களை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஹெப்டஜெனிடே 10, லெப்டோஃப்ளெபிடே 10, பெர்லிடே 10, ஹைட்ரோசைக்கிடே 5, பேட்டிடே 4, கைரோனோமிடே 2. மொத்தம் 41. வழக்கமாகப் புழங்கும் அட்டவணைப்படி 41 முதல் 70 வரை 'சுமார்'. அதே 41-ஐ ஆறால் வகுத்தால் சராசரி 6.8. அது 'மிகச் சுத்தம்'. ஒரே ஓடை, ஒரே கணக்கு, இரண்டு தீர்ப்பு!

காரணம் எளிது. பிரிட்டனில் ஸ்டோன்ஃப்ளை குடும்பங்கள் ஏழு. அதில் ஆறு தலைக்கு 10 வாங்கும். தென்னிந்திய ஓடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பெர்லிடே ஒன்றுதான். மேலே சொன்ன நாணயப்புழுவுக்கும் நம் ஓடை நண்டுக்கும் பிரிட்டிஷ் பட்டியலில் இடமே இல்லை, அவை அங்கே கிடையாது. வேறொரு சர்வரின் கான்ஃபிக் ஃபைலை அப்படியே காப்பி அடித்தால் என்ன ஆகுமோ அதுதான் இது. தாய்லாந்துக்காக மஸ்டோ என்பவர் 2002-ல் இந்தப் பட்டியலைத் திருத்தி எழுதினார். நியூசிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் தங்கள் பூச்சிகளுக்குத் தனி மார்க்கே வைத்திருக்கின்றன.

பிரிட்டன்காரர்களுக்கே இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. மலை ஓடையையும் சமவெளி ஆற்றையும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது. அதனால் 1977-ல் ரிவ்பாக்ஸ் என்ற வேலையைத் தொடங்கினார்கள். கெடாத ஆறுகளில் என்னென்ன இருக்கிறது என்று பெரிய தரவுத்தளம் திரட்டி, அகலம், ஆழம், கல்லா மணலா என்பதையெல்லாம் கொடுத்தால் இங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்று கணிக்கும் மாடல் அது. கிடைத்ததைக் கணிப்பால் வகுத்தால் மார்க். ஆஸ்திரேலியா 1990-களில் இதே யோசனையை எடுத்துக்கொண்டது. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றிலேயே புத்திசாலித்தனமான அடி இதுதான்.

இந்தியாவிலும் ஒரு முறை இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நெதர்லாந்து உதவியோடு யமுனையில் சோதித்து உருவாக்கியது. குடும்ப மார்க்கோடு பன்மைக்கும் ஒரு எண் சேர்த்து, நீலத்திலிருந்து சிவப்பு வரை ஐந்து நிறங்களில் நதியைப் பிரிக்கும். பன்மையை அளக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து, முந்தியதும் இதுவும் ஒரே மாதிரியா வேறா என்று மட்டும் பார்த்தால் போதும். பெயர் தெரியாத பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம்.

ஆனால் யமுனையின் பிரச்சினை சாக்கடை, டிரென்ட்டின் பிரச்சினையும் ஏறக்குறைய அதுதான். இந்தச் சரிவில் என் கவலை ஏலத்தோட்டம். ஏலக்காய்க்கு ஏலம் நடக்கும் போடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆண்டில் எத்தனை முறை மருந்தடிக்க வேண்டியிருக்கிறது என்று. மேலே உள்ள கணக்குக்கே திரும்புவோம். பேட்டிடே மேஃப்ளைகள் பூச்சிமருந்துக்குச் சீக்கிரம் சாகும். மழையில் மருந்து இறங்கி அவை மட்டும் அழிந்தால் மொத்தம் 37, குடும்பம் ஐந்து, சராசரி 7.4. பூச்சி செத்ததும் ஓடையின் மார்க் கூடிவிட்டது! அந்த 4 மார்க் சாக்கடையைத் தாங்கும் திறனுக்குக் கொடுத்தது. பூச்சிமருந்தைப் பற்றி அந்தப் பட்டியல் யோசிக்கவே இல்லை.

இதற்காகவே லீஸ், வான் டெர் ஓஹே என்ற ஜெர்மானியர்கள் 2005-ல் ஸ்பியர் என்ற குறியீட்டை வெளியிட்டார்கள். எந்த இனம் மருந்துக்குச் சாகும், செத்தபின் எவ்வளவு சீக்கிரம் திரும்ப வரும், மருந்தடிக்கும் மாதத்தில் அது தண்ணீரில் இருக்குமா என்று கேட்கிறது. அதிலும் ஒரு சிக்கல். அந்தக் கணக்கு ஐரோப்பிய வாழ்க்கைச் சுழற்சியை வைத்துப் போட்டது. வெப்பநாட்டு மேஃப்ளைகளில் பல ஆண்டுக்குப் பல தலைமுறை காண்பவை.

பூச்சியை அடையாளம் காட்டும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மதுரைக் கல்லூரியின் கே. ஜி. சிவராமகிருஷ்ணன் 1984-ல் விவரித்த பீட்டர்சுலா கோர்ட்டலென்சிஸ், பெயரிலேயே குற்றாலத்தைச் சுமக்கிறது. அவரும் கே. வெங்கட்ராமனும் 1989-ல் பெயரிட்ட இன்னொரு மேஃப்ளை கும்பக்கரையென்சிஸ். கும்பக்கரை இதே தேனி மாவட்டம்தான்.

பெயர்கள் இருக்கின்றன, மார்க்குதான் இல்லை. அதற்கு முதலில் கெடாத ஓடை ஒன்று வேண்டும். குரங்கணிக்கு மேலே, கடைசித் தோட்டத்துக்கும் மேலே சோலைக்காட்டுக்குள் அப்படி ஏதாவது மிச்சமிருந்தால் அங்கேயும், தோட்டங்களுக்குக் கீழேயும், மருந்தடிப்புக்கு முந்தின வாரமும் பிந்தின வாரமும் பத்துப் பத்துக் கற்களைப் புரட்டிப் பார்க்கலாம். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். கீழே பாலத்தடியில் போவதற்கு யார் அனுமதியும் தேவையில்லை, அங்கிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.