பீடிகையும் பிறப்புணர்வும்

புதியதோர் இடத்தை முன்பே கண்டதுபோன்ற உணர்ச்சி சிலபோது தோன்றுதல் உண்டு. பிரெஞ்சு அறிஞர் எமில் புவராக் 1876-இல் இதனை 'முன்பே கண்டது' எனப் பொருள்படும் தொடரால் குறித்தார். மணிமேகலை கூறும் பிறப்புணர்தலும் இஃதேயோ என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

மணிபல்லவத்துப் புத்த பீடிகையைக் கண்ட மணிமேகலை, தான் முற்பிறப்பில் இராகுலன் மனைவி இலக்குமி என உணர்கிறாள். ஆபுத்திரனின் மறுபிறப்பாகிய புண்ணியராசனும் அப்பீடிகையைக் கண்டே தன் பழம்பிறப்பை அறிகிறான். இருவர்க்கும் உணர்வு தோன்றியது ஓரிடத்தைக் கண்ட அளவிலாம்.

இக்கால உளவியலும் இடத்தையே சுட்டுகின்றது. முன்பு கண்ட காட்சி நினைவில் எழாவிடினும், அதன் இட அமைப்பைப் புதிய காட்சி ஒத்திருப்பின் அறிமுக உணர்ச்சி மிகும் என ஆன் கிளியரி முதலியோர் 2012-இல் காட்டினர். பேரூர்க் கோயிலிற் பழகியவர் அவிநாசிக் கோயிலுள் முதன்முறை புகுங்கால், விளக்குத்தூணும் கொடிமரமும் நந்தியும் மண்டபமும் அமைந்த முறைமையே அத்தகைய உணர்ச்சியை எழுப்பக்கூடும்.

ஆயினும் வேறுபாடு பெரிது. உளவியல் கூறும் உணர்ச்சியில் முன்பு கண்டது யாது என்பது விளங்குவதில்லை. சாத்தனார் காட்டுவதிலோ பெயரும் உறவும் வினையும் தெளிவாகின்றன. முன்னது காரணம் மறைந்த அறிமுகம். பின்னது காரணம் காட்டும் அறிவு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு உரை காணின், காப்பியத்தின் உயிராகிய வினைக்கொள்கையே மறைந்துபோம்.